வெயிலில் தெரிந்த படம்

கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் திரைக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. 2001இல் நிண்டெண்டோ அதை வெளியிட்டபோது உள்ளே பெயருக்குக்கூட ஒரு விளக்கு வைக்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஒளி கண்ணாடி வழியே உள்ளே போய், திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான பூச்சில் பட்டுத் திரும்பி, நிறங்களை இரண்டாம் முறை கடந்து கண்ணுக்கு வரும். அறையில் வெளிச்சம் இருந்தால் படம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்றைய கைபேசிகள் வெயிலைக் கண்டால் வெளிறிப்போகின்றன. இது வெயிலில்தான் விழித்துக்கொள்ளும்.

அதில் ஓடிய விளையாட்டுகள் எதையும் நான் இழக்கவில்லை. எல்லாம், பழைய கருவியைப்போல நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாக, இப்போது கைபேசியில் ஓடுகின்றன, அன்றைக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாக, பளிச்சென்று. ஆப்பிளே 2024 ஏப்ரலில் மனசு மாறி, பழைய கருவிகளின் எமுலேட்டர்களைத் தன் கடைக்குள் அனுமதித்துவிட்டது. ஆகவே கிடைக்கவில்லை என்ற குறை யாருக்கும் இல்லை. எனக்குக் குறை அந்தப் பளிச்சென்ற தன்மையில்தான். விளையாட்டு திரும்பி வந்துவிட்டது, அந்தப் படம் திரும்பி வரவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி வீடு கிழக்குப் பார்த்தது. முன்னால் அழிக்கம்பி போட்ட தார்சா, அதைத் தாண்டினால் வீடு முழுக்க இருட்டு. சிங்கப்பூரிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்த பெரியப்பா மகன் கொண்டுவந்த கருவி அது. ஓடு கண்ணாடி மாதிரி நீலமாக இருக்கும். உள்ளே இருக்கும் பலகையும் திருகாணிகளும் வெளியே தெரியும். பின்பக்கம் ஏஜிபி-001 என்று மாடல் எண் அச்சிட்டிருக்கும். இரண்டு பென்சில் செல் போட்டால் பதினைந்து மணி நேரம் ஓடும். விளக்கு இல்லாததால்தான் அவ்வளவு நேரம். செகா 1990இல் கொண்டுவந்த கேம் கியரில் வண்ணத் திரையும் பின்விளக்கும் இருந்தன. அது ஆறு செல்லைத் தின்றுவிட்டு, மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் படுத்துவிடும்.

அண்ணன் அதில் போட்டிருந்தது ‘காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன்’. கோனாமி அந்தக் கருவியோடு கூடவே வெளியிட்ட விளையாட்டு. கோட்டைக்கு அடியில், பாதாளக் கல்லறைகளில் ஆரம்பிக்கும். பழுப்பும் கறுப்புமான சுவர்கள், அதற்குள் பழுப்பும் கறுப்புமான எலும்புக்கூடுகள். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் திரையில் என் முகம்தான் தெரியும். ஆச்சி அடுப்படியிலிருந்து கத்துவாள்: “ஏலே, இருட்டுக்குள்ள உக்காந்து என்னத்தப் பாக்க? வாசலுக்கு வாங்கலே ரெண்டு பேரும்.” அவள் கண்ணுக்காகச் சொன்னாள். விளையாட்டுக்கும் அதுவே சரியான யோசனை.

காலை எட்டு, எட்டரைக்குத் தார்சாவில் சாய்வாக வெயில் விழும். அழிக்கம்பியின் நிழல் தரையில் கோடு கோடாக இருக்கும்; மடியில் வைத்திருக்கும் திரையிலும் அதே கோடுகள் விழும். நிழல் விழுந்த இடத்தில் படம் செத்திருக்கும், இரண்டு கோட்டுக்கு நடுவில் மட்டும் உயிரோடு இருக்கும். திரை மூன்று அங்குலம்கூட இல்லை. அதை மணிக்கட்டால் கொஞ்சம் சாய்த்தால் வானம் கண்ணாடியில் பட்டுப் படத்தை மறைக்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் சட்டென்று எல்லாம் சரியாகும். அந்த ஒரு கோணத்தில் கல்லறைச் சுவரின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். நிறங்கள் ஒளிராது, அச்சடித்த காகிதத்தில் இருப்பதுபோல அடங்கி இருக்கும். வெயில் நகர நகர நாங்களும் தார்சாவில் நகர்ந்து உட்காருவோம்.

ஒருமுறை அண்ணனை வழியனுப்பக் குடும்பமாகச் சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் போனோம். ராத்திரி பெரிய விளக்கை அணைத்த பிறகு பெட்டியில் நீல விளக்கு மட்டும் எரியும். அந்த வெளிச்சத்தில் திரையில் இருக்கிற சிவப்பு, மஞ்சள் எல்லாம் போய்விடும், நீலம் மட்டும் எஞ்சும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி நிறுத்தி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் காத்திருப்போம். சாத்தூர் பிளாட்பார விளக்கு உள்ளே அடித்ததும் ஒரு நிமிஷம் விளையாட்டு. மறுபடி இருட்டு. விருதுநகரில் இன்னும் கொஞ்சம். மதுரையில் வண்டி நன்றாக நின்றது, ஒரு அறையையே கடந்துவிட்டோம்.

அதற்கு விளக்கு வேண்டும் என்று உலகம் முழுக்க எல்லோரும் கேட்டார்கள். கருவியில் செருகிக்கொள்கிற வளையும் கழுத்துள்ள குட்டி விளக்கு விற்றது. 2002இல் ‘ஆஃப்டர்பர்னர்’ என்று ஒன்று வந்தது. கருவியைப் பிரித்து, திரைக்கு முன்னால் ஒளியைப் பரப்பும் தகடு ஒன்றை ஒட்டி, ஒயரைச் சால்டர் செய்துகொள்ள வேண்டும். 2003இல் நிண்டெண்டோவே முன்விளக்கு வைத்த, மடக்கக்கூடிய எஸ்பி மாடலைக் கொண்டுவந்தது. 2005இல் அதற்கே பின்விளக்குத் திரை. இப்போது பழைய கருவியை வைத்திருப்பவர்களில் பலர் அசல் திரையைக் கழற்றிவிட்டு ஐபிஎஸ் திரை மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் ஆசை நியாயமானது. ஆனால் கழற்றி வைத்த அந்தத் திரைகளை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

எமுலேட்டர் எனக்கு முதலில் கிடைத்தது பிரவுசிங் சென்டரில். விஷுவல்பாய்அட்வான்ஸ் என்ற மென்பொருளை யாரோ ஒரு கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார்கள். அண்ணனும் கருவியும் சிங்கப்பூர் போய்விட்ட பிறகு, எனக்கு அந்தக் கோட்டை மறுபடி திறந்தது அங்கேதான். முதலில் தெரிந்த வித்தியாசம் வெளிச்சம். கறுப்பு என்று நினைத்திருந்த இடங்களில் எல்லாம் செங்கல், வேர், மண்டையோடு. இவ்வளவு வரைந்திருக்கிறார்களா என்று வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வியப்பை இப்போதும் மதிக்கிறேன். எமுலேட்டர் இல்லாவிட்டால் அந்தச் செங்கற்கள் எனக்குத் தெரிந்திருக்காது.

அதில் ஃபில்டர் என்று ஒரு பட்டியல் இருந்தது. 2எக்ஸ்சாய், சூப்பர் ஈகிள், ஸ்கேல்2எக்ஸ், எச்க்யூ2எக்ஸ். படத்தை மேம்படுத்துவது என்றால் அந்தக் காலத்தில் இவைதான். எல்லாவற்றுக்கும் அடிப்படை வேலை ஒன்று: சிறிய படத்தைப் பெரிதாக்கும்போது பிக்சல்கள் சதுரச் சதுரமாகத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. ஆண்ட்ரியா மட்சோலேனி 2001இல் எழுதிய ஸ்கேல்2எக்ஸ் மிக எளிமையானது. ஒரு பிக்சலை நான்காகப் பிளக்கும். மேலே இருப்பதும் இடது பக்கம் இருப்பதும் ஒரே நிறம் என்றால், இடது மேல் மூலைக்கும் அந்த நிறத்தையே கொடுத்துவிடும். படிக்கட்டாக இருந்த சாய்கோடு வழுவழுப்பாகும். மாக்சிம் ஸ்டெபினின் எச்க்யூ வரிசை இன்னும் நுட்பமானது. ஒரு பிக்சலைச் சுற்றியிருக்கும் எட்டையும் பார்த்து, எவை ஒத்த நிறம், எவை மாறுபட்ட நிறம் என்று பிரித்து, அந்த 256 அமைப்புகளில் இது எது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற கலவையை எடுத்துப் போடும். பின்னால் வந்த எக்ஸ்பிஆர், எக்ஸ்பிஆர்இசட் எல்லாம் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை இன்னும் சரியாக ஊகிப்பவை.

கணக்காகப் பார்த்தால் அருமையான வேலை. படமாகப் பார்த்தால் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. எச்க்யூ4எக்ஸ் போட்டால் எலும்புக்கூடு மெழுகு உருகி வழிந்து ஆறியதுபோல ஆகிவிடுகிறது. 240க்கு 160, மொத்தம் 38,400 பிக்சல். அதற்குள் ஒரு முகத்துக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு பிக்சல்தான். வரைந்தவர் அதில் ஒரே ஒரு பிக்சலைக் கண்ணாக வைத்திருப்பார். ஃபில்டருக்கு அது கண் என்று தெரியாது. அருகில் இருக்கும் நிழலோடு அதைச் சேர்த்து இழுத்துவிடும். நம் மனசு இட்டு நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்த இடத்தையெல்லாம் அது நமக்கு முன்பே நிரப்பிவிடுகிறது.

முப்பரிமாண விளையாட்டுகள் விஷயத்தில் இதே மேம்பாடு வேறு கதை; அங்கே நான் மனமாரக் கைதட்டுகிறேன். சோனியின் பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. திரை 480க்கு 272. அதற்கான எமுலேட்டர் பிபிஎஸ்எஸ்பிபி 2012இல் வெளியானது. எழுதியவர் ஹென்ரிக் ரிட்கார்ட், டால்பின் எமுலேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம் ஊரில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த எத்தனையோ பையன்கள் ‘டெக்கன்’ ஆடியதும் ‘காட் ஆஃப் வார்’ முடித்ததும் இதில்தான். பிஎஸ்பியைக் கையால் தொடாதவர்கள் அவர்கள். இந்த எமுலேட்டரில் ரெண்டரிங் ரெசல்யூஷன் என்ற அமைப்பில் 4 என்று வைத்தால் படம் 1920க்கு 1088 ஆகிவிடுகிறது. இங்கே ஊகம் எதுவும் இல்லை. விளையாட்டு அனுப்புவது முக்கோணங்களின் முனைகளை. அவற்றை எவ்வளவு நெருக்கமான கட்டங்களில் வரைவது என்பது மட்டும் மாறுகிறது. ‘செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ விளையாட்டில் க்ரேட்டோஸின் தோள்பட்டை வளைவு அன்றைக்கும் அந்தத் தரவுக்குள் இருந்தது; திரைக்குத்தான் அதைக் காட்ட இடம் போதவில்லை.

ஆனாலும் சமன் குலைகிறது. ஆட்கள் கத்தி மாதிரி கூர்மையாக நிற்க, உயிர் அளவைக் காட்டும் பட்டையும் எழுத்தும் பழைய அளவுக்கு வரைந்தவையாதலால் மங்கலாகக் கிடக்கின்றன. அதைச் சரிசெய்ய, டெக்ஸ்சர் எனப்படும் மேற்பரப்புப் படங்களுக்கு எக்ஸ்பிஆர்இசட் போடலாம். இல்லையென்றால் ரசிகர்கள் ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு சட்டைத் துணியையும் கையால் மறுபடி வரைந்து வெளியிடும் தொகுப்புகளைப் போடலாம். பல மாத உழைப்பு; அந்த அன்பை நான் வணங்குகிறேன். அந்தத் தொகுப்புகளோடு ஆடும்போது அது எனக்கு வேறு விளையாட்டாகத்தான் தெரிகிறது.

கேம் பாய் அட்வான்ஸுக்குத் திரும்புகிறேன். பிரவுசிங் சென்டரில் வியந்து பார்த்த அந்த வெளிச்சத்தில் ஒரு பிசகு இருந்ததைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். அசல் திரை நடுத்தர நிறங்களைக் கீழே அழுத்திவிடும். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசியவும் செய்யும். சிவப்பில் சிறிது நீலம், பச்சையில் சிறிது சிவப்பு என்று கலந்தேதான் வரும். ‘சர்க்கிள் ஆஃப் தி மூன்’ ரொம்ப இருட்டு என்று உலகமே குறைசொன்ன பிறகு, கோனாமி 2002இல் வெளியிட்ட ‘ஹார்மனி ஆஃப் டிசொனன்ஸ்’ விளையாட்டில் நிறங்களைத் தூக்கிப் போட்டார்கள். நிண்டெண்டோவும் அப்படித்தான்: ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’ விளையாட்டைப் பெரிய கருவியிலிருந்து இதற்குக் கொண்டுவந்தபோது புல்லையும் மரத்தையும் வெளுப்பாக்கினார்கள். இருட்டுத் திரையில் போய் விழும்போது சரியாக இருக்கட்டும் என்று அளந்து வைத்த நிறங்கள் அவை.

அந்த எண்களை எமுலேட்டர் அப்படியே கைபேசித் திரையில் கொட்டினால் கண் கூசுகிறது. கோட்டைச் சுவர் இளஞ்சிவப்பாகவும் வானம் சோப்புத்தூள் நீலமாகவும் தெரிகின்றன. ஹார்மனியைப் பற்றி “நிறமே சரியில்லை” என்று சொல்கிற இளைஞர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் பார்த்தது வரைந்தவர் பார்த்த படம் இல்லை. ஓவியர் சாயம் கலக்கும்போது பாதிச் சாயம் திரையில் இருந்தது. எமுலேட்டர் மீதிப் பாதியை மட்டும் எடுத்து வந்திருக்கிறது.

இதைச் சரிசெய்யப் பொறுமையாக உட்கார்ந்த மனிதர்கள்தான் என் நன்றிக்குரியவர்கள். எம்ஜிபிஏ எமுலேட்டரில் படத்தின் தோற்றத்தை மாற்றும் ஷேடர்களின் பட்டியலைத் திறந்தால் எக்ஸ்பிஆர் போன்றவற்றின் நடுவே ஏஜிபி-001 என்று ஒரு பெயர் இருக்கிறது. கருவியின் முதுகில் அச்சிட்டிருந்த அதே எண். தேர்ந்தெடுத்தால் படம் பெரிதாவதில்லை, கூர்மையாவதில்லை. மங்குகிறது. நிறங்கள் அடங்கி உட்காருகின்றன. பிக்சல்களுக்கு நடுவே மெல்லிய கட்டக்கோடு வருகிறது. என் கண் நிறைந்தது அந்த மங்கலில்தான்.

அந்தக் கட்டக்கோட்டை வரைய எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். பழைய திரையில் ஒரு பிக்சல் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று செங்குத்துப் பட்டைகள், சுற்றிலும் ஒரு கறுப்பு இடைவெளி. இதைக் காட்ட ஒரு பழைய பிக்சலுக்குக் குறைந்தது நாலைந்து புதிய பிக்சல் அகலம் தேவை. பிரவுசிங் சென்டரின் பழைய மானிட்டரில் அதற்கு வழியே இல்லை. இன்றைய கைபேசிகள் பலவற்றைப் படுக்க வைத்தால் உயரம் 1080 வரி. 160ஆல் வகுத்தால் 6.75. முழுத் திரையையும் நிரப்பினால் சில வரிக்கு ஆறும் பல வரிக்கு ஏழும் கிடைக்கும். ஆள் நடக்கும்போது சுவர் சிலுசிலுவென்று ஆடும். எல்லா வரிக்கும் ஆறு என்று முழு எண்ணில் நிறுத்தி, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு விட்டுவிட்டால் கட்டங்கள் நேராக நிற்கின்றன. அனலாக் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த பாக்கெட் கருவியின் திரை 1600க்கு 1440. முதல் கேம் பாயின் 160க்கு 144ஐச் சரியாகப் பத்து மடங்காக்கிய அளவு. அத்தனை பிக்சலையும் அவர்கள் பழைய திரையின் இடைவெளிகளைக் காட்டத்தான் செலவழித்திருக்கிறார்கள். தெளிவு பெருகிய பிறகுதான் அந்த மங்கலை வரைய முடிந்திருக்கிறது.

அசைவிலும் இப்படி ஒன்று உண்டு. பழைய திரையின் பிக்சல்கள் மெதுவாக மாறும். வேகமாக ஓடினால் பின்னால் ஒரு தேய்ந்த நிழல் வரும். நிழலையோ புகையையோ பாதி ஊடுருவித் தெரிய வைக்கவேண்டும் என்றால் அந்த உருவத்தை ஒரு ஃப்ரேமில் காட்டி அடுத்த ஃப்ரேமில் மறைக்கும் தந்திரம் அந்தக் காலத்தில் உண்டு. திரையின் சோம்பல் இரண்டையும் கலந்து மென்மையாக்கிவிடும். வேகமான புதுத் திரையில் அது வெறும் துடிப்பாகத் தெரிகிறது. ஆகவே எமுலேட்டரில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களைக் கலக்கும் வசதி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் புகை மறுபடி புகையாகிறது.

இத்தனையும் வந்துவிட்டன. நிறம், கட்டம், தேய்நிழல் எல்லாம் உண்டு. வராதது வெயில்.

ஹிதேயோ கோஜிமா தயாரிப்பில் 2003இல் கோனாமி வெளியிட்ட ‘பொக்டாய்’ என்று ஒரு விளையாட்டு. அதன் கார்ட்ரிட்ஜில் சூரிய ஒளியை அளக்கும் உணரி வைத்திருந்தார்கள். நாயகன் ஜாங்கோவின் துப்பாக்கிக்கு வெயில்தான் மருந்து. ரத்தக்காட்டேரியை வீழ்த்தினாலும் போதாது; அதன் சவப்பெட்டியைக் கோட்டையிலிருந்து இழுத்து வந்து, திறந்தவெளியில் நிறுத்தி, நிஜ வெயிலில் எரிக்கவேண்டும். வெயிலில்தான் நன்றாகத் தெரியும் என்று திரையைக் குறைசொன்ன காலத்தில், அப்படியானால் வெயிலுக்கே வாருங்கள் என்று கூப்பிட்ட விளையாட்டு அது. எங்கள் தார்சாவுக்காகவே செய்த மாதிரி இருந்தது. ஆனால் அது வந்தபோது எங்களிடம் கருவி இல்லை. எமுலேட்டரில்தான் ஆடினேன். அதில் சூரியனை ஒரு பட்டியலில் கூட்டிக்கொள்ளலாம். ஏசி அறையில், ராத்திரி பதினொரு மணிக்கு, உச்சி வெயில்.

ரெட்ரோஆர்க் என்ற செயலிக்குள் ஓடும் எம்ஜிபிஏவில், கைபேசியின் ஒளி உணரியையே சூரியனாக எடுத்துக்கொள்ளும் வழி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சென்னையில் என் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். ஜாங்கோவின் துப்பாக்கிக்கு வெயில் ஏறியது. ஜாங்கோதான் தெரியவில்லை. கைபேசித் திரை வெயிலில் வெளிறிக் கிடந்தது. நிழலுக்கு வந்தால் ஜாங்கோ தெரிகிறான், வெயில் போய்விடுகிறது. பழைய கருவியில் இந்த இரண்டும் ஒரே வெளிச்சம்தான்: துப்பாக்கியை நிரப்புவதும் அதே வெயில், ஜாங்கோவைக் காட்டுவதும் அதே வெயில்.

ஷேடர் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. விளையாட்டுக்குப் போய்ச் சேர்கிற அந்த ஒளி உணரியின் எண் ஷேடருக்கும் போகட்டும். கைபேசியின் தானியங்கிப் பிரகாசமும் அந்த உணரியைத்தான் நம்பி இருக்கிறது. ஆனால் எந்த வெளிச்சத்திலும் படம் ஒரேபோலத் தெரியவேண்டும் என்று அது பாடுபடுகிறது. எனக்கு வேண்டியது அப்படி இல்லாத படம். விளக்கை அணைத்தால் கல்லறைச் சுவர் மறையட்டும். ஜன்னலைத் திறந்தால் பாதி திரும்பி வரட்டும். ஈ-இங்க் போல ஒளியைத் திருப்பியனுப்பும் வண்ணத் திரைகள் இப்போது மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. விளையாட்டுக்குப் போதுமான வேகம் அவற்றுக்கு வந்துவிட்டால் ஷேடரே வேண்டாம், வெயில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இரண்டில் எது முதலில் வந்தாலும் அதில் நான் முதலில் போட்டுப் பார்க்கப்போவது பொக்டாய்தான். அண்ணனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அவனுக்கும் அந்தச் சவப்பெட்டியை ஒருமுறை இழுத்துப் பார்க்கவேண்டுமாம்.